கழுத்துச் சுற்று பன்னிரண்டே முக்கால்

என் ஆசை நைனாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுத எனக்கும் தெரியும். ஆனால் என் கையெழுத்தைப் பார்த்தே நீ கண்டுபிடித்துவிடுவாய். அதனால் 'இருக்கிறேன்' என்று மட்டும் ஆரம்பிக்கிறேன். நீ போய் நாலு வருஷம் ஆகப் போகிறது. வருகிற சனிக்கிழமை உனக்குப் படையல். புரட்டாசி ஆச்சே, மீன் கிடையாது, கோபித்துக்கொள்ளாதே. போவதற்கு ஒரு மாசம் பார்த்தாய் பார்.

கடையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பாண்டி பஜாருக்குப் பின்னால் அதே சந்து, மாடிப்படிக்கு அடியில் அதே கடை. மதியம் இரண்டரை மணி, யாரும் வராத நேரம். தீபாவளி ஜாக்கெட்டுகள் உன் கட்டிங் மேசையில் மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றன. ஓரமாகத் தள்ளிவிட்டு ஒரு கை வைக்க இடம் பண்ணிக்கொண்டேன். உன் டேப் என் தோளில்தான் கிடக்கிறது. முப்பத்தெட்டாம் நம்பர் அழிந்துபோன அதே டேப்.

இந்தக் கடிதத்தை மடித்து ஒட்டப் போவதில்லை. நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். உனக்கு அடித்த போஸ்டரில் 'உடல்நலக் குறைவால் இயற்கை எய்தினார்' என்று போட்டிருந்தது. அந்த வரியைச் சொன்னது நான்தான். என்ன போடட்டும் என்று அச்சகத்துக்காரர் கேட்டார், வாய் தானாகச் சொல்லிவிட்டது. நம்ம வீட்டில் வளர்ந்த வாய், வேறு எப்படிப் பேசும்?

முதலில் என் சேதி. இந்தச் சித்திரையில் எனக்குக் கழுத்தில் ஆபரேஷன் ஆனது. சட்டையில் மேல் பட்டன் போடுகிற இடத்துக்கு நேர் பின்னால் ஒரு சுரப்பி இருக்கிறது இல்லையா, தைராய்டு, அதை முழுசாக எடுத்துவிட்டார்கள். உனக்கு வந்ததேதான் எனக்கும். தினம் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, ஆயுசு முழுக்க. அதைப் போட்டுவிட்டுக் காபிக்கு முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும், எனக்கு அதுதான் பெரிய தண்டனை. சுண்ணாம்புச் சத்து இறங்குகிற நாட்களில் விரல் நுனியில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்து, அப்புறம் மரத்துப்போகிறது. ஊசி குத்தினால், துணியில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரிகிறது.

மனசும் அப்படித்தான் இருக்கிறது நைனா. கேன்சர் என்று சொன்ன அன்றைக்கு உன் மாப்பிள்ளை சேகர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அழுதார். நான் அவருக்குத் தண்ணி பாட்டில் வாங்கிவரப் போனேன். திரும்பி வரும்போது, கடையில் மெரூன் நூல் தீர்ந்துபோச்சே என்று யோசித்துக்கொண்டே வந்தேன். இது தைரியமா, புத்தி கெட்டுப்போனதா, எனக்கே தெரியவில்லை.

ஆபரேஷன் ஆனதோடு விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். விடவில்லை. தைராய்டு கேன்சரில் பல வகை இருக்கிறதாம். நம்முடையது நிறைய பேருக்கு வராத வகை. இது வந்தால், பரம்பரையில் ஓடுகிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்த்தே ஆகணுமாம். அதற்கென்றே ஒரு அறை, அதில் ஒரு பெண். என்னைவிட வயசில் சின்னது, மேடம் என்று கூப்பிட்டால் சிரிக்கிறது. நான் தையல்காரி என்று தெரிந்ததும் எனக்குப் புரிகிற மாதிரியே கேட்டாள்.

"உங்க அளவு நோட்டுல ஒரே ஒரு நம்பரைத் தப்பா எழுதிட்டீங்க. என்ன ஆகும்?"

"சட்ட பாழாப் பூடும்."

"அந்த நோட்டைப் பார்த்து இன்னொரு நோட்டுல அப்படியே எழுதினா?"

புரிந்துவிட்டது. அம்மா ஒரு நோட்டு, அப்பா ஒரு நோட்டு, பிள்ளைக்கு ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டில் ஏதாவது ஒன்றைப் பார்த்துத்தான் எழுதுவார்கள். தப்பு இருக்கிற நோட்டிலிருந்து வரலாம், வராமலும் போகலாம். பாதிக்குப் பாதி. "இது யாரோட தப்பும் இல்லைங்க" என்று இரண்டு தடவை சொன்னாள். எனக்கு உன்னிடமிருந்து வந்திருக்கிறது. உனக்கு யாரிடமிருந்தோ. தாத்தாவுக்கு இருக்கிற ஒரே போட்டோவில் அவர் கழுத்தைச் சுற்றித் துண்டு இருக்குமே, அது ஸ்டைல் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண் ஒரு வெள்ளைத்தாளில் நம் குடும்பத்தை வரைந்தாள். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். செத்தவர்களுக்குக் குறுக்கே ஒரு கோடு, இந்த நோய் வந்தவர்களுக்கு உள்ளே கறுப்பு. உன் கட்டத்தில் கோடும் போட்டாள், கறுப்பும் அடித்தாள். அப்புறம் கேட்டாள், "அப்பாவோட கூடப் பிறந்தவங்க?"

"ஒரு அக்கா. சரசு அத்த."

"இருக்காங்களா?"

"இல்ல. ஹார்ட்டு."

பார்த்தாயா? யோசிக்கவே இல்லை. சரசு அத்தையின் வட்டத்துக்குக் குறுக்கே ஒரு கோடு விழுந்தது, உள்ளே வெள்ளையாகவே இருந்தது. லஸ்ஸில் பஸ் இறங்கி வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தைக்கு ஹார்ட்டாவது ஒன்றாவது. தொண்டைக்குப் பக்கத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி இருந்தது. அந்தக் கட்டி தெரியக் கூடாது என்று நீதான் காலர் வைத்த ஜாக்கெட்டாகத் தைத்துக் கொடுத்தாய். டீச்சரம்மா மாதிரி இருக்கிறது என்று தெருவே சொன்னது. அத்தை செத்தபோது எனக்குப் பதிமூன்று வயசு. நீ என்னையும் அத்தை மகள் வனஜாவையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னாய்:

"யாரு கேட்டாலும் ஹார்ட்டுன்னு சொல்லணும், இன்னா? கழுத்துல கட்டின்னு வெளில தெரிஞ்சா, நாளைக்கி ஒங்க ரெண்டு பேரியும் எவன் வந்து கட்டிக்கினு போவான்?"

வனஜாவுக்கு அப்போது ஏழு வயசு. அவள் அதை நிஜம் என்றே நம்பி வளர்ந்துவிட்டாள். நான் பொய் என்று தெரிந்துகொண்டே சொல்லிப் பழகி, கடைசியில் எனக்கும் அது நிஜமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில், உயிரைக் காப்பாற்றுவதற்காகக் கேட்கிற பெண்ணிடமே, மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்கிற பதிலைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

சேகர் வீட்டார் என்னைப் பெண் பார்க்க வந்தபோதும் கேட்டார்கள். "நோய் நொடி எதுனா இருக்குதா சம்பந்தி?" நீ சிரித்துக்கொண்டே, "சக்கர கூட கெடையாதுங்க எங்க வம்சத்துல" என்றாய். போன மாசம் சேகர் அதை ஒரே ஒரு தடவை எடுத்தார். "அன்னிக்கி ஒங்க நைனா சக்கர கூட கெடையாதுன்னாரு, கலா." ஆமாம் என்றேன். சக்கரை நிஜமாகவே கிடையாதுதானே. அவர் செருப்பு மாட்டிக்கொண்டு, உன் பேத்தி தர்ஷினியை ஸ்கூலிலிருந்து கூட்டிவரப் போய்விட்டார். சண்டை போட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அத்தைக்குக் கட்டி எந்த வருஷம் வந்தது, எத்தனை வருஷம் இருந்தது என்று அந்தப் பெண்ணிடம் சரியாகச் சொல்லவேண்டும் இல்லையா? அதற்காகத்தான் நம் வீட்டு அளவு நோட்டை எடுத்தேன். வாடிக்கைக்காரர்களின் நோட்டு இல்லை. பச்சை அட்டை போட்டு, நம் ஆட்களுக்கு மட்டும் என்று தனியாக வைத்திருந்தாயே, அது. புரட்டாசி இரண்டாம் ஞாயிறு ஆனால் எல்லாரையும் கடைக்கு வரச் சொல்லி, வரிசையில் நிற்கவைத்து அளவெடுப்பாய். அன்றைக்கு விட்டால் அப்புறம் தீபாவளி முடிகிறவரை உனக்கு வீட்டு ஆள் கண்ணுக்கே தெரியமாட்டார்கள்.

நைனா, நான் இந்த மேசையில் பதினைந்து வருஷமாக வெட்டுகிறேன். அந்த நோட்டைத் திறந்த இரண்டாவது நிமிஷம், முதல் பக்கத்திலிருந்து மறுபடி புரட்டினேன். ஜாக்கெட்டுக்குக் கழுத்துச் சுற்று எதற்கு?

எந்தத் தையல்காரனும் எடுக்கமாட்டான். முன்கழுத்து இறக்கம், பின்கழுத்து இறக்கம், அகலம், அவ்வளவுதான். டேப்பைக் கழுத்தைச் சுற்றிப் போடுவதெல்லாம் ஆம்பளைச் சட்டைக் காலருக்கு. அத்தைக்காவது காலர் ஜாக்கெட், சரி. ஆனால் அத்தை செத்த வருஷத்திலிருந்து அந்த நோட்டில் எல்லாருக்கும் கழுத்துச் சுற்று எழுதியிருக்கிறாய். எனக்கு. வனஜாவுக்கு. தர்ஷினிக்கு மூன்று வயசிலிருந்து. பாவாடை தைக்க வந்த குழந்தைக்குக் கழுத்துச் சுற்று. வருஷா வருஷம், ஒருத்தரையும் விடாமல்.

நீ எங்களுக்குத் துணிக்கு அளவெடுக்கவில்லை. கட்டி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாய்.

உன்னுடையதும் இருக்கிறது. பதினைந்து, பதினைந்தரை, பதினாறு, பதினாறரை, பதினேழு. பக்கத்தில் 'லூஸ் வை' என்று உனக்கு நீயே எழுதிக்கொண்டிருக்கிறாய். கழுத்து பெருத்தது, நீ காலரைப் பெரிதாக்கிக்கொண்டே போனாய். டாக்டரிடம் போவதற்குப் பதிலாகச் சட்டையை மாற்றிய ஆள் இந்த ஊரிலேயே நீ ஒருத்தன்தான் இருப்பாய். கோபம்கூட வரவில்லை. வந்தால் திட்டுவேன், எழுதி வைத்துக்கொள்.

என் வரியைக் கடைசியில்தான் பார்த்தேன். பன்னிரண்டரை, பன்னிரண்டரை, பன்னிரண்டரை. எல்லா வருஷமும் அதேதான். நீ போவதற்கு முந்தின புரட்டாசியில் மட்டும் பன்னிரண்டே முக்கால். அந்த முக்காலுக்குக் கீழே பென்சிலால் இரண்டு கோடு.

கால் இஞ்சு, நைனா. எனக்கு அது டேப்பை இழுத்துப் பிடிப்பதில் வருகிற வித்தியாசம். உனக்கு அப்படித் தோன்றவில்லை. சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லவில்லை? சொன்னால் நிஜமாகிவிடும் என்று பயந்தாயா? இல்லை, அடுத்த புரட்டாசியில் மறுபடி பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாயா? அதற்குள் உனக்கே முற்றிவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் உன்னிடம் பேசும்போதெல்லாம் எனக்கு டீ வாங்கிவர வேலை கொடுத்தாய். கடைசியில் குரலும் போயிற்று.

இப்போது எழுதப் போவதை நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. சேகரிடம்கூட.

நீ வீட்டில் படுத்திருந்த கடைசி வாரம். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன். என் தோளிலிருந்த டேப்பை நீ இழுத்தாய். விளையாட்டு என்று நினைத்துக் குனிந்தேன். என் கழுத்தைச் சுற்றிப் போட்டு, முன்னால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, என் முகத்தையே பார்த்தாய். வாய் அசைந்தது, வெறும் காற்றுதான் வந்தது. மறுபடியும் டேப்பை இழுத்தாய், இன்னும் இறுக்கமாக. நான் சிரித்தேன் நைனா. இந்த நிலைமையிலும் மனுஷனுக்குத் தீபாவளிக் கவலை என்று நினைத்துக்கொண்டேன்.

"ஞாயித்துக்கெழம எடுத்துக்கலாம் நைனா, இன்னும் நாள் கீது" என்று சொல்லி, உன் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து டேப்பைக் கழற்றினேன். சுருட்டி அலமாரியில், உனக்கு எட்டாத இடத்தில் வைத்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். தூங்கிவிட்டாய் என்று நினைத்தேன். சனிக்கிழமை காலையில் போய்விட்டாய்.

ஒரு தையல்காரன் டேப்பை எடுத்தால் அளவெடுக்கத்தான் என்று ஒரு தையல்காரிதான் நினைப்பாள். பக்கத்து வீட்டுக்காரி யாராவது அங்கே உட்கார்ந்திருந்தால், கழுத்துல என்னய்யா என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பாள். அன்றைக்கு நான் கேட்டிருந்தால் எனக்கு நாலு வருஷம் முன்னாலேயே தெரிந்திருக்கும், சின்னதாக இருக்கும்போதே எடுத்திருப்பார்கள். இப்போது சுரப்பியைத் தாண்டி, கழுத்தில் நெறி கட்டுகிற முடிச்சுகள் வரை போயிருக்கிறது. ஆறு மாசத்துக்கு ஒரு முறை ரத்தம் கொடுத்துவிட்டு, என்ன சொல்வார்களோ என்று உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு இதில் அழுகை வந்திருக்கவேண்டும். வரவில்லை. நோட்டை மூடி வைத்துவிட்டு, காத்திருந்த ஒரு அம்மாவுக்கு ஜாக்கெட் கை நீளத்தைக் குறைத்துத் தைத்துக் கொடுத்தேன்.

நோட்டைத் தூக்கிக்கொண்டு மறுபடி அந்தப் பெண்ணிடம் போனேன். அவள் ரொம்ப நேரம் பக்கம் புரட்டினாள். அப்புறம் பேனாவை எடுத்து அத்தையின் வட்டத்துக்குள் கறுப்பு அடித்தாள். "வனஜாவுக்கு நீங்க சொல்லிடறீங்களா?" என்றாள்.

சொன்னேன். திருவான்மியூருக்குப் போய், அவள் வீட்டுச் சமையல்கட்டில் உட்கார்ந்து சொன்னேன். வனஜா அடுப்பை நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"எங்கம்மாவுக்கு ஹார்ட்டுன்னு எல்லா ஃபாரத்துலயும் எழுதிக்கினு கீறேன் கலாக்கா. என் பிரசவத்துக்குக்கூட அதத்தான் எழுதுனேன்." என்னை நிமிர்ந்து பார்த்து, "மாமா தெரிஞ்சேவா சொன்னாரு?" என்று கேட்டாள். நோட்டைக் காட்டினேன். தன் பெயர் போட்ட வரியை விரல் வைத்துப் படித்தாள். அடுத்த வாரம் அவளும் இரண்டு பிள்ளைகளும் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்கள். அவளுக்கு இல்லை நைனா. அவளுக்கு இல்லை என்பதால் பிள்ளைகளுக்கும் கிடையாது. இது ஒன்றாவது உன் காதில் விழுந்தால் நன்றாக இருக்கும்.

தர்ஷினிக்கு இருக்கிறது.

புதன்கிழமை சொன்னார்கள். ஒன்பது வயசு. நோய் இன்னும் ஆரம்பிக்கவில்லை, தப்பான அந்த ஒரு நம்பர் மட்டும்தான் வந்திருக்கிறது. ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே சுரப்பியை எடுத்துவிடலாம், எடுத்துவிட்டால் மாத்திரையோடு எல்லாப் பிள்ளையும் போல வளர்வாள் என்றார் டாக்டர். அரையாண்டு லீவில் தேதி கொடுத்திருக்கிறார்கள். அத்தைக்கும் உனக்கும் கிடைக்காதது அவளுக்குக் கிடைக்கிறது என்று சேகர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். சரிதான். ஆனால் நான் அவளைக் குளிப்பாட்டும்போது சோப்பு போடுகிற கை கழுத்துக்கு வந்ததும் நின்றுவிடுகிறது.

நேற்று இரண்டாம் ஞாயிறு. வழக்கம் போல அவளைக் கடைக்குக் கூட்டிவந்து உன் மேசைக்குப் பக்கத்தில் நிற்கவைத்தேன். கழுத்தைச் சுற்றி டேப் போட்டு, மூச்சுக்கு இடம் வேண்டும் என்று நீ சொல்லிக்கொடுத்த மாதிரி உள்ளே இரண்டு விரல் விட்டேன். விரல் மரத்திருந்தது. அவளுடைய நாடித் துடிப்பு மட்டும் எப்படியோ தெரிந்தது.

"எனக்கும் தாத்தாவுக்கு வந்தது வருமாம்மா?"

"வர்றதுக்கு முன்னாடியே எடுத்துருவாங்க."

"வலிக்குமா?"

"வலிக்கும். ரெண்டு மூணு நாளு."

"ஸ்கூல்ல கழுத்துல இன்னான்னு கேட்டா, நான் இன்னா சொல்ல?"

அந்தக் கேள்விக்கு நம் வீட்டில் ஒரு பதில் தயாராக இருந்தது நைனா. பதிமூன்று வயசில் எனக்குக் கொடுத்த அதே பதில். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பெண் பிள்ளை, நாளைக்கு ஒரு இடம் வரும், நாலு பேர் கேட்பார்கள். உன் பயம் என்னவென்று அந்த ஒரு நொடியில் எனக்கு முழுசாகத் தெரிந்தது. உன்னை அப்போதே மன்னித்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். பாதி மன்னித்திருக்கிறேன், மீதிக்கு நாளாகும்.

"இருக்கறதச் சொல்லு" என்றேன். "எங்க தாத்தாவுக்கு இருந்துச்சி, எங்கம்மாவுக்கு இருந்துச்சி, எனக்கும் இருந்துச்சி, எடுத்துட்டாங்கன்னு சொல்லு."

"அவ்ளோதானா?" என்றாள்.

"அவ்ளோதான்."

பச்சை நோட்டில் எழுதினேன். தர்ஷினி, கழுத்துச் சுற்று பத்தே முக்கால். கீழே பென்சில் கோடு போடவில்லை. பக்கத்திலேயே பேனாவால், இவளுக்கு இருக்கிறது, அரையாண்டு லீவில் ஆபரேஷன் என்று எழுதிவிட்டேன். எழுதியதை அவளையே சத்தமாகப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு, "ஆபரேஷன்ல ஸ்பெல்லிங் தப்பு" என்று திருத்தினாள். அப்போதுதான் நைனா, நாலு வருஷத்தில் முதல் தடவையாக, உன் மேசையில் தலையை வைத்து அழுதேன். அவள் என் முதுகைத் தட்டிக்கொண்டே நின்றாள்.

உனக்கு ஒன்று சொல்லிக்கொடுக்கிறேன், கேட்டுக்கொள். அவள் யூனிஃபார்ம் காலருக்கு மூச்சு விட இரண்டு விரல் விடுவேன், மறைக்க அரை இஞ்சுகூட விடமாட்டேன். போஸ்டராக இருந்தாலும் ஃபாரமாக இருந்தாலும் இருப்பதை எழுதுவேன். இனிமேல் நம் வீட்டில் யார் டேப்பை எடுத்து என் கழுத்தில் போட்டாலும், என்ன என்று கேட்பேன். கேட்டுப் பதில் வாங்குகிற வரைக்கும் அந்தக் கையைப் பிரிக்கமாட்டேன்.

உன் மகள்,
தர்ஷினியின் அம்மா,
கலா